உத்தரிக்கிற ஸ்தலத்து முட்டை

இத்தாலி தேசத்தின் தென்பகுதியில், வெசூவியஸ் எரிமலைக்கு அருகே, கடலைப் பார்த்தவாறு நேப்பிள்ஸ் என்னும் பழம்பெரும் நகரம் அமைந்திருக்கிறது. அந்நகரத்தார் தங்கள் வீடுகளில் வெகு எளிதாகச் செய்துகொள்ளும் முட்டைப் பதார்த்தம் ஒன்றைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். காரமான தக்காளிச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி, அதில் முட்டையை உடைத்து ஊற்றி, மூடி வேகவைத்து, ரொட்டியோடு உண்பது, அவ்வளவுதான். செய்முறை முழுவதையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். எனினும், அதன் பெயரை மொழிபெயர்க்கப் போய் நான் செய்த பிழையும், அதைச் சமைக்கப் போய் நான் செய்த பிழையும் உண்மையில் ஒரே பிழைதான் என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கிற்று. ஆதலால் பெயரிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன். தில்லிக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. சில ஆண்டுகளுக்கு முன், அயல்நாட்டு உணவு வகைகளை அறிமுகப்படுத்தும் சிறு பிரசுரம் ஒன்று தமிழாக்கத்துக்காக என்னிடம் வந்தது. அதில் இந்த முட்டைப் பதார்த்தமும் இடம் பெற்றிருந்தது. இத்தாலிய மொழியில் அதன் பெயர் 'உவோவா இன் புர்காத்தோரியோ'. நேப்பிள்ஸ் நகரத்துப் பேச்சுமொழியில் 'ஓவா ம்ப்ரியாத்தோரியோ' என்பர். 'உவோவா' என்றால் முட்டைகள். பின்னால் வரும் சொல்லுக்குத்தான் நான் சற்றும் தயங்காமல் 'நரகம்' என்று எழுதினேன். தீ, சிவப்பு, காரம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால் அது நரகமன்றி வேறென்ன என்பது என் எண்ணம். 'நரகத்து முட்டை' என்று தலைப்பிட்டு அனுப்பினேன், அச்சாகியும் வந்துவிட்டது. தலைப்பு கவர்ச்சியாக இருப்பதாக நண்பர்கள் இருவர் பாராட்டவும் செய்தார்கள்.

ஒரு வாரத்துக்குள் தொலைபேசியில் ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் தூத்துக்குடிப் பக்கத்தைச் சேர்ந்த பெரியவர். தில்லியிலேயே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்டவர். எங்கள் குடியிருப்பில் உள்ள தமிழர் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் குரலில் கோபம் இல்லை.

"தம்பி, நரகம் வேறு, உத்தரிக்கிற ஸ்தலம் வேறு. நரகத்துக்குப் போனவனுக்குப் பூசை வைத்து என்ன பயன்?" என்று கேட்டார்.

அதற்கு முந்திய ஆண்டில்தான் அவர் தம் மனைவியை இழந்திருந்தார். நவம்பர் 2-ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று, மெழுகுவத்தியும் பூக்களுமாக அவர் தனியே ஆட்டோவில் ஏறிப் புறப்பட்டதை நான் என் வீட்டு மாடியிலிருந்து கண்டிருக்கிறேன். அந்தச் சொல் எனக்கு அகராதியில் உள்ள ஒரு சொல். அவருக்கு அது தம் மனைவி இருக்கும் இடத்தின் பெயர். அங்கே நான் நரகம் என்று எழுதிவிட்டேன்.

கத்தோலிக்க சமயத்தாரின் நம்பிக்கை இது: இறந்தவர்களில் பெரும்பாவிகள் நரகத்துக்குப் போவார்கள், அங்கிருந்து மீட்சி இல்லை. இறைவனோடு உறவு முறியாமல், ஆனால் சிறு குறைகள் தீராமல் இறந்தவர்களோ உத்தரிக்கிற ஸ்தலத்தில் சிறிது காலம் தங்கித் தூய்மை பெற்று, பிறகு மோட்சம் சேர்வார்கள். இருப்பவர்கள் செய்யும் வேண்டுதல் அவர்களுடைய துன்பத்தைக் குறைக்க உதவும். 'உத்தரித்தல்' என்ற சொல்லுக்குப் பட்டுத் தீர்த்தல், ஈடுசெய்தல் என்று பொருள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் இந்தச் சொற்றொடரைத் தலைமுறை தலைமுறையாகப் பிரார்த்தனையில் வழங்கிவருகிறார்கள். என் கையருகே இருந்த தமிழ்ச் சொல்லைத் தேடாமல், தோன்றியதை எழுதியது என் குற்றமேயன்றிப் பிறர் குற்றம் அன்று. அந்தப் பிரசுரத்துக்கு மறுபதிப்பு வரவில்லை. பிழை அப்படியே நிற்கிறது.

இனி, முட்டைக்கு ஏன் இந்தப் பெயர் வந்தது? நேப்பிள்ஸ் நகரத்தின் பழைய வீதிகளில் நடந்தால் சுவர்களில் சிறுசிறு மாடங்களைக் காணலாம். அவற்றிற் சிலவற்றில், சுடுமண்ணால் செய்த மனித உருவங்கள் இடுப்பளவு தீயில் நின்று, கைகளை மேலே உயர்த்தி வேண்டிக்கொண்டிருக்கும். அவை உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்கள். த்ரிபுனாலி என்னும் வீதியிலே அந்த ஆன்மாக்களின் பெயராலேயே 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கோவில் ஒன்று உண்டு. அதன் வாயிலில் சிறு தூண்களின்மேல் வெண்கலத்தாலான மண்டையோடுகள் வைக்கப்பட்டிருக்கின்றன. 1656-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் வந்து அந்நகரத்து மக்களில் மிகப் பெரும் பகுதியினரை வாரிக்கொண்டு போயிற்று. பெயர் தெரியாமல், அடக்கச் சடங்கு இல்லாமல் புதைக்கப்பட்டவர்கள் எண்ணிறந்தோர். அவ்வாறு அநாதையாய்ப் போன ஆன்மாக்களுக்காக, உறவு ஒன்றும் இல்லாத ஏழைப் பெண்கள் ஒரு மண்டையோட்டைத் தமதாக ஏற்றுக்கொண்டு, அதைத் துடைத்து, விளக்கேற்றி, மன்றாடி வந்தார்கள். இந்த வழக்கம் வரம்பு மீறுகிறது என்று 1969-இல் அங்கிருந்த திருச்சபைத் தலைமை அதைத் தடைசெய்தது. எனினும் அந்நகரத்தாரின் மனத்தில் உத்தரிக்கிற ஸ்தலம் அடுத்த தெருவைப் போலப் பழகிய இடமாகவே இருக்கிறது. ஆதலால், சிவந்த குழம்பு கொதித்துக் குமிழியிட, அதன் நடுவே வெண்ணிறமாக முட்டை கிடப்பதைக் கண்டவர்களுக்குத் தீயிடை நிற்கும் ஆன்மா நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. உணவை வைத்து அவர்கள் செய்த பரிகாசம் அது. ஆனால் அன்பு கலந்த பரிகாசம்.

சிவப்புக்கும் காரத்துக்கும் காரணமான இரண்டு பொருள்களுமே இத்தாலிக்கு அந்நியமானவை என்பதையும் சொல்ல வேண்டும். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 15-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தன. தக்காளியை உண்ணலாமா கூடாதா என்று அங்குள்ளவர்கள் நெடுங்காலம் ஐயுற்றிருந்தார்கள். அந்தோனியோ லத்தீனி என்பவர் 1692-இல் நேப்பிள்ஸில் வெளியிடத் தொடங்கிய சமையல் நூலிலே, தக்காளியைச் சுட்டுத் தோலுரித்து, வெங்காயமும் மிளகாயும் நறுமணத் தழையும் சேர்த்துச் செய்யும் குழம்பு ஒன்று காணப்படுகிறது. அதை அவர் 'ஸ்பானிய முறை' என்றே குறிக்கிறார். 16-ஆம் நூற்றாண்டிலேயே மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக நம் கரைக்கும் வந்து சேர்ந்தது. முன்பே அறிந்த மிளகின் பெயரோடு 'காய்' சேர்த்து நாம் அதற்கு ஒரு பெயரிட்டுக்கொண்டோம். தக்காளி என்ற பெயரும் முதலில் மணத்தக்காளி போன்ற நம் சிறுசெடிகளுக்கு உரியது. வந்தேறிய பழத்தைச் 'சீமைத் தக்காளி' என்று அழைத்தார்கள். இன்று சீமை உதிர்ந்துவிட்டது. தக்காளி என்றாலே வந்தவன்தான் நினைவுக்கு வருகிறான். வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் நாம் இதைக் கேட்டுச் சிறிது மகிழலாம்.

இந்த உணவை எப்போது உண்பது? அமெரிக்கரும் ஆங்கிலேயரும் இதனை ஞாயிற்றுக்கிழமைகளில் காலை உணவுக்கும் பகலுணவுக்கும் இடைப்பட்ட நேரத்து உணவாக்கியிருக்கிறார்கள். அந்த இடைவேளை உணவுக்கு ஆங்கிலத்தில் இரு சொற்களின் தலையையும் வாலையும் ஒட்டி ஒரு சொல் செய்திருக்கிறார்கள். 1895-இல் இங்கிலாந்தில் கை பெரிஞ்சர் என்பவர் எழுதிய ஒரு கட்டுரையில் அச்சொல் அச்சேறியது. அதைத் தமிழெழுத்தில் 'பிரஞ்ச்' என்று எழுதினால், படிப்பவர் பிரெஞ்சுக்காரர் உணவு என்று நினைத்துக்கொள்வார். ஆகையால் நான் 'முற்பகல் உணவு' என்று எழுதுகிறேன். இத்தாலியர் காலையில் முட்டை உண்பது வழக்கமில்லை. காப்பியும் இனிப்பான ரொட்டி வகை ஒன்றுமே அவர்களுக்குப் போதும். நேப்பிள்ஸில் இது எளிய பகலுணவாகவோ இரவுணவாகவோதான் இருந்துவருகிறது. வீட்டில் இறைச்சி இல்லாத நாளில், அல்லது சமைக்க நேரமில்லாத நாளில், கைகொடுக்கும் உணவு. ஆனால் தொலைவிலே தனித்து வாழும் நமக்கு முற்பகல் நேரம் பொருத்தமானதே. ஆறு நாள் அவசரமாக உண்டவர்கள் ஏழாம் நாள் பத்து மணிக்கு மேல் எழுந்து, ஒரே உணவாக முடித்துக்கொள்வது தில்லியிலும் மும்பையிலும் நான் கண்ட வழக்கம்.

சமையலுக்கு வருவோம். இருவர் உண்பதற்கு முட்டை 4, நன்றாகப் பழுத்த தக்காளி அரைக்கிலோ, பூண்டு 5 அல்லது 6 பல், காய்ந்த மிளகாய் 2 அல்லது 3, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி ஆகியவை போதும். பட்டியல் இவ்வளவுதானா என்று வியக்க வேண்டா. நம்மவர்கள் கை இவ்விடத்தில்தான் அரித்துக்கொண்டு வரும். கடுகு, சீரகம், மஞ்சள், தனியாத்தூள் இவற்றில் எது சேர்ந்தாலும் நல்ல குழம்பு கிடைக்கும்; நேப்பிள்ஸ் நகரத்துக் குழம்பு கிடைக்காது. ஒரு முறையாவது அஞ்சறைப்பெட்டியைத் திறக்காமல் செய்து பாருங்கள்.

நேப்பிள்ஸ் வட்டாரத்தில் சான் மர்த்சானோ என்னும் நீண்ட வகைத் தக்காளி விளைகிறது. சதை மிகுந்து, விதையும் நீரும் குறைந்தது. அதன் பெயருக்கு ஐரோப்பாவில் 1996 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. தில்லியில் ஐ.என்.ஏ. சந்தை போன்ற இடங்களில் டப்பாவில் அடைத்த இத்தாலியத் தக்காளி கிடைக்கும்; விலை கொடுக்க மனமுள்ளவர்கள் வாங்கலாம். எனக்கு அது தேவையென்று தோன்றவில்லை. இங்குக் காய்கறிக்காரர்கள் 'தேசி' என்று கூவி விற்கும் புளிப்புத் தக்காளியையும், தோல் தடித்த, பெங்களூர்த் தக்காளி போன்ற வகையையும் சரிபாதியாகக் கலந்தால் புளிப்பும் சதையும் ஒருங்கே அமையும். குளிர்காலமே இதற்கு உகந்த காலம். 2023-ஆம் ஆண்டு ஆடி மாதத்தையொட்டித் தில்லியில் தக்காளி கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது, இந்தப் பதார்த்தத்தை நான் மூன்று மாதம் மறந்திருந்தேன்.

தக்காளியின் அடிப்பகுதியில் கத்தியால் குறுக்காகக் கீறி, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்தால் தோல் தானே கழன்றுவிடும். தோலை நீக்கிக் கைகளால் பிசைந்துகொள்ளுங்கள். அரைத்தால் குழம்பு நுரைத்து நிறம் வெளுக்கும். அடிகனமான, வாயகன்ற எவர்சில்வர் வாணலியே ஏற்றது. இரும்புச் சட்டியில் தக்காளியின் புளிப்பு உலோகச் சுவையை இழுத்துவிடும். எண்ணெய் காய்வதற்கு முன்பே நசுக்கிய பூண்டையும் கிள்ளிய மிளகாயையும் அதிற் போட்டு, சிறுதீயில் மெல்லச் சூடேற்ற வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. மிளகாயின் காரம் நீரில் எளிதில் கரையாது; எண்ணெயில் கரையும். எண்ணெயில் இறங்கிய காரம் குழம்பு முழுவதும் ஒரே சீராகப் பரவும். பின்னால் தூவிய காரமோ ஓரிடத்தில் சுடும், ஓரிடத்தில் சப்பிடும். பூண்டு பொன்னிறத்துக்கு மேல் போகலாகாது. கருகினால் அதன் கசப்பை எதனாலும் போக்க முடியாது. இத்தாலியர் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவர். கடலையெண்ணெயும் நன்றாகவே இருக்கிறது. நல்லெண்ணெயும் கடுகெண்ணெயும் தம் மணத்தை முன்னே நிறுத்தும், வேண்டா. மிளகாயில் ஒன்று காஷ்மீரியாக இருந்தால் நிறம் வரும். மற்றொன்று இராமநாதபுரத்துக் குண்டு மிளகாயாக இருந்தால் காரம் வரும். ஊரிலிருந்து வரும்போது ஒரு பொட்டலம் கொண்டுவந்திருப்பவர்களுக்குக் கவலையில்லை.

இனித் தக்காளியைச் சேர்த்து உப்பிட்டு, மூடாமல் பதினைந்து இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். எவ்வளவு சுண்ட வேண்டும் என்பதே கேள்வி. நம் வீட்டுத் தக்காளித் தொக்கை அறிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம்: தொக்கு ஆவதற்குப் பாதி வழியில் நிறுத்த வேண்டும். எண்ணெய் ஓரத்தில் பிரியத் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் கரண்டியால் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு ஓரிரு நொடி நின்று, பிறகு மெல்ல மூடிக்கொள்ள வேண்டும். நீர்த்திருந்தால் முட்டை கலங்கி ஓடிவிடும். இறுகியிருந்தால் முட்டைக்கு வேண்டிய ஈரச்சூடு கிடைக்காது, அடிப்பக்கம் காந்திப்போகும்.

இந்தப் பதம் வரும்வரை நானும் முதல் முயற்சியிலேயே சரியாகச் செய்துவிட்டேன். என் பிழை அதற்குப் பின்னால் வந்தது. அண்ணாச்சியின் தொலைபேசிப் பேச்சுக்குப் பிறகு, பொருளறியாமல் மொழிபெயர்த்த உணவைச் செய்தாவது பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் நுழைந்தேன். மனைவி ஊருக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் பள்ளியில் படிக்கும் என் மகளும்தான். குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தபோதே முட்டைகளை உடைத்து ஊற்றி, அடுப்பைக் கூட்டி, வெந்ததா வெந்ததா என்று அஞ்சிப் பத்து நிமிடம் வைத்திருந்தேன். வெண்கரு தோல்போல் ஆயிற்று. மஞ்சட்கரு மாவாய் உதிர்ந்தது. ஒரு வாய் உண்ட மகள், "அப்பா, ஒரே காரம்," என்று நீர்ப்பானையிடம் ஓடினாள். மிளகாய் கூடிவிட்டது போலும் என்று அடுத்த வாரம் ஒன்றைக் குறைத்தேன். அப்போதும் அவளுக்குக் காரமாகவே இருந்தது. குற்றம் மிளகாயில் இல்லை என்பது பிறகே தெரிந்தது.

மஞ்சட்கருவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு இருக்கிறது. காரத்தைக் கரைத்துக்கொள்ளவல்லது கொழுப்பே. மஞ்சட்கரு இளகியிருந்தால், ரொட்டியால் தொட்டவுடன் அது உடைந்து குழம்பில் ஓடிக் கலந்து, நாவைச் சுட்ட காரத்தைத் தணித்துவிடும். கெட்டியாகிவிட்டாலோ, கொழுப்பு இருந்தும் பயனில்லை; காரம் தனியே, கரு தனியே நிற்கும். ஆகவே இந்தப் பதார்த்தத்தில் மஞ்சட்கருதான் மருந்து. சுடும் தீ உண்டு, ஆனால் அதற்கு ஒரு தீர்வும் உண்டு. நான் அடுப்பைக் கூட்டிப் பத்து நிமிடம் வைத்து, இங்கும் அதை நரகமாக்கியிருந்தேன்.

இதைத் தவிர்ப்பதற்கு முட்டையின் இயல்பைச் சிறிது அறிய வேண்டும். வெண்கரு சுமார் 62, 63 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குழையத் தொடங்குகிறது. மஞ்சட்கரு 65 டிகிரியளவில் தடித்து, 70 டிகிரியில் இறுகிவிடும். வெண்கருவிலுள்ள முக்கியமான புரதம் ஒன்றோ 80 டிகிரியில்தான் முற்ற இறுகும். அதாவது, வெண்கரு நன்றாக இறுக வேண்டிய சூடு, மஞ்சட்கருவைக் கெடுக்கும் சூடாகும். இரண்டும் ஒரே ஓட்டுக்குள் இருந்துகொண்டு வெவ்வேறு பதம் கேட்கின்றன. நல்வாய்ப்பாக, மஞ்சட்கரு நடுவில் இருக்கிறது. சூடு வெளியிலிருந்து வருகிறது. வெண்கருவை முதலில் சூடேற்றி, அது மஞ்சட்கருவை எட்டுவதற்குள் நிறுத்திக்கொள்வதே வித்தை.

அதற்காக, குழம்பு பதமானவுடன் தீயை மிகக் குறைத்து, கொதி அடங்கிச் சிறு குமிழிகள் மட்டும் எழும்படி செய்யுங்கள். கரண்டியின் பின்புறத்தால் குழம்பில் நான்கு குழிகள் இடுங்கள். முட்டையை நேரே வாணலியில் உடைக்காமல், ஒவ்வொன்றாகச் சிறு கிண்ணத்தில் உடைத்து, கிண்ணத்தைக் குழம்போடு ஒட்டிச் சாய்த்து மெல்ல இறக்குங்கள். கெட்டுப்போன முட்டை ஒன்று குழம்பு முழுவதையும் பாழாக்காமல் காப்பதற்கும் இது உதவும். குழம்பைச் சிறிதளவு எடுத்து வெண்கருவின்மேல் மட்டும் படும்படி தெளியுங்கள்; மஞ்சட்கருவின்மேல் படவேண்டா. பிறகு மூடுங்கள். கீழிருந்து குழம்பின் சூடும், மேலிருந்து ஆவியின் சூடும் வெண்கருவை இருபுறமும் பற்றிக்கொள்ளும். நான்கு நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். கண்ணாடிபோல் இருந்த வெண்கரு பால்போல் வெளுத்து, மஞ்சட்கருவைச் சுற்றியுள்ள வளையமும் வெளுத்திருக்க வேண்டும். வாணலியை மெல்ல ஆட்டினால் நடுப்பகுதி மட்டும் தளும்ப வேண்டும். இல்லையேல் இன்னும் ஒரு நிமிடம். ஆறு நிமிடத்துக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. அடுப்பை அணைத்த பின்னும் குழம்பின் சூட்டில் முட்டை வெந்துகொண்டேயிருக்கும் என்பதால், இன்னும் சிறிது பொறுக்கலாம் என்று தோன்றும்போதே இறக்கிவிடுவது நலம். தமிழ்நாட்டுச் சாலையோரக் கடைகளில் 'ஆஃப்பாயில்' போடும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் கண்ணே அளவுகோல்.

முட்டை புதியதாக இருப்பது இங்கு மிக முக்கியம். புதிய முட்டையின் வெண்கரு தடித்து மஞ்சட்கருவை அணைத்துக்கொண்டு நிற்கும். பழையதில் அது நீர்த்து நாலாபுறமும் ஓடும். நாளாக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெருகும். ஆதலால் நீரில் இட்டால் புதிய முட்டை அடியில் படுத்துக்கொள்ளும். பழையது எழுந்து நிற்கும். மிகப் பழையது மிதக்கும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி முட்டையில் இருக்கக்கூடும். உணவை 70 டிகிரிக்குக் குறையாமல் சூடேற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்தச் சூட்டில் மஞ்சட்கரு இளகியிராது. எனவே கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், நோயுற்றவர்கள் ஆகியோருக்கு முட்டையை முழுவதும் வேகவைத்தே கொடுக்க வேண்டும். அவர்களுக்காக மிளகாயைப் பாதியாகக் குறைத்து, இறக்கும்போது ஒரு சிறு துண்டு வெண்ணெய் சேர்த்தால், இளகிய மஞ்சட்கரு செய்யும் வேலையை ஓரளவு அது செய்யும். மற்றவர்களும் ஓடு விரிந்த முட்டையை வாங்கலாகாது.

இறக்கியபின் மேலே பச்சிலை தூவுவது வழக்கம். இத்தாலியர் 'பசிலிகோ' என்று வழங்கும் அந்தத் தழையைத் துளசி என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். துளசி அன்று, அதன் இனத்தைச் சேர்ந்த திருநீற்றுப்பச்சிலை. சர்பத்தில் ஊறவைக்கும் சப்ஜா விதை அந்தச் செடியின் விதைதான். நம் நாட்டு வகையின் மணம் சற்று முரட்டுத்தனமானது. நான்கைந்து இலைகள் போதும். கிடைக்காவிட்டால் ஒன்றும் தூவாமல் விடுங்கள். கொத்தமல்லி தூவினால் கண்ணை மூடிக்கொண்டு உண்பவர் ஆந்திரத்துக் குழம்பு என்பார். பாலாடைக்கட்டியைச் சீவிப் போடுவோரும் உளர். அது விருப்பத்தைப் பொறுத்தது.

தக்காளியில் முட்டையை வேகவைப்பது நேப்பிள்ஸாருக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிட வேண்டா. துனீசியா முதலிய வட ஆப்பிரிக்க நாடுகளில் இதனோடு குடைமிளகாயும் சீரகமும் சேர்த்து 'ஷக்ஷூகா' என்பர். துருக்கியர் முட்டையைக் கலக்கிச் செய்து 'மெனெமென்' என்பர். மும்பையில் வாழும் நேயர்கள் அவ்வளவு தூரம் போகவும் வேண்டா. பார்சிக்காரர்கள் வீட்டில் தக்காளியின்மேல் முட்டையை உடைத்து மூடி வேகவைத்து, 'டமேட்டா பர் ஈடு' என்று பரிமாறுவார்கள். அவர்கள் அதில் வெங்காயமும் சிறிது சர்க்கரையும் சேர்ப்பதுண்டு. மும்பையில் பாவும், கொல்கத்தாவில் பாவுருட்டியும் கிடைப்பதால் தொட்டுக்கொள்ள அங்குள்ளவர்களுக்குக் குறையில்லை. தில்லியில் நான் குல்சாவைத் தோசைக்கல்லில் வாட்டிக்கொள்கிறேன். மேல்தோல் மொறுமொறுப்பாகவும் உள்ளே பஞ்சாகவும் இருக்கும் எந்த ரொட்டியும் ஏற்றதே. சப்பாத்தி குழம்பை உறிஞ்சாது. சோறு ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது முட்டைக்குழம்புச் சோறு உண்கிறோம் என்ற நினைப்பே வரும்.

மூன்றாம் முறை முட்டை சரியாக வந்தபின், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியை வீட்டுக்கு அழைத்தேன். பூசை முடிந்து பதினொரு மணிக்கு வந்தார். வயதை உத்தேசித்து அவருக்கு முழுவதும் வெந்ததையே தரப்போனேன். மகள் தட்டில் மஞ்சட்கரு உடைந்து ஓடுவதைப் பார்த்துவிட்டு, தமக்கும் அதுதான் வேண்டுமென்று பிடிவாதம் செய்தார். மருத்துவரிடம் என்னைக் காட்டிக்கொடுக்கலாகாது என்ற நிபந்தனையின்பேரில் இணங்கினேன். "இதற்கு இப்போது என்ன பெயர் எழுதுவாய்?" என்று கேட்டார். சொன்னேன். "ஸ்தலத்து முட்டை, ஸ்தலத்து முட்டை," என்று இரண்டு முறை தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவர் மனைவிக்கு முட்டை மிகவும் பிடிக்கும் என்றும், தில்லிக்கு வந்த புதிதில் இருவரும் மண்ணெண்ணெய் அடுப்பில் முட்டை அவித்தே பல இரவுகளைக் கழித்ததாகவும் பிறகு சொன்னார்.

தட்டில் மிஞ்சிய குழம்பைக் கடைசித் துண்டு ரொட்டியால் சுற்றித் துடைத்து உண்பதற்கு இத்தாலியர் 'ஸ்கார்பெத்தா', அதாவது சின்னச் செருப்பு, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விருந்தில் அப்படிச் செய்வது நாகரிகமன்று என்பாரும் அங்கு உண்டாம். அண்ணாச்சி தம் தட்டை அவ்வாறு துடைத்து முடித்துவிட்டு, வாணலியில் குழம்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். இருந்தது. மகள் இன்னொரு முட்டையை எடுத்துக் கிண்ணத்தில் உடைத்தாள்.